புறநானூற்று மற்போரும் ஜூடோவும்: பற்றி வீழ்த்தலும் இணங்கி வீழ்த்தலும்

மற்கலைகளை வன்மை, மென்மை என இரண்டாகப் பகுத்து, மல்யுத்தத்தை முன்னதிலும் ஜூடோவைப் பின்னதிலும் அடக்குவது வழக்கம். இப்பகுப்பு மற்போரைப் பாடும் சங்கப் பாடல்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பற்றி வீழ்த்தும் முறையில், வீரன் எதிரியின் காலையோ இடையையோ பற்றித் தன் விசையால் அவனது நிலையைக் குலைக்கிறான். இணங்கி வீழ்த்தும் முறையில் அவ்விசையின் பெரும்பகுதியை எதிரியே அளிக்கிறான். 1882இல் டோக்கியோவில் கோடோகனை நிறுவிய ஜிகோரோ கானோ இதனை எண்களால் விளக்கினார். எதிரியின் வலிமை 10, தன் வலிமை 7 எனில், எதிர்த்து நிற்பவன் தோற்பான். தள்ளுதலுக்கு இணங்கிப் பின்வாங்கினால் எதிரி முன்சாய்ந்து, அவன் பயன்படுத்தக்கூடிய வலிமை 3 ஆகக் குறையும். ஆயினும் பின்புறமிருந்து இறுகப் பற்றப்பட்டவன் இணங்கித் தப்ப இயலாது என்பதையும் கானோ உணர்ந்திருந்தார். ஆகவே ஆற்றலை மிகுபயன் தரும் வகையில் செலுத்துவதையே பொதுக் கோட்பாடாகக் கொண்டார். இணக்கம் அதன் ஒரு கூறே.

போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் புறநானூறு 80ஆம் பாடலில் காட்டுகிறார். கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மற்றொரு கால் அவன் செய்யவரும் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்புறம் வளைகிறது. பசியோடு மூங்கிலைத் தின்ன முயலும் யானைபோல அவன் மல்லனின் இருபுறமும் முறியுமாறு மோதுகிறான். இங்கு வலிமை வெறும் மோதலாக இல்லை. முதலில் எதிரியின் முயற்சி தடுக்கப்படுகிறது, பின்னர் உடல் வளைக்கப்படுகிறது. 82ஆம் பாடலோ கட்டில் பின்னுபவனின் ஊசியை உவமையாக்கி, போரின் விரைவை முதன்மைப்படுத்துகிறது.

எனினும், எதிரியின் தள்ளுதலுக்கு இணங்கி அவனை வீழ்த்தும் செயல் இவ்விரு பாடல்களிலும் இல்லை. ஆதலால் ஜூடோவின் கோட்பாட்டைச் சங்கப் பாடலில் கண்டதாகக் கூறுவது பொருந்தாது. அதேபோல, ‘மல்’ என்னும் சொல்லுக்கு வலிமை என்ற பொருள் இருப்பதை மட்டும் கொண்டு மற்போரை முரட்டு வலிமையாகக் குறுக்குவதும் பிழையாகும். தடுத்தல், வளைத்தல், விரைதல் ஆகியவற்றைப் பாடல்களே காட்டுகின்றன. எனவே இப்பாடல்களைக் கற்பிக்கும்போது, வன்மையா மென்மையா என்ற வினாவைக் காட்டிலும், வீழ்த்தும் விசை யாரிடமிருந்து, எந்தக் கணத்தில் பிறக்கிறது என்ற வினாவே பயன் தரும்.