சொக்கருக்குக் கதவடைப்பு! மீனாட்சிக்கு அனுமதி! ஸ்மார்ட் கார்டு குளறுபடி

மதுரை:
பேரு சரி. கார்டும் சரி. ஆனால் மிஷினில் சொருகினால், "பெயர் பொருந்தவில்லை" என்று லாகின் மறுக்கிறது! ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர் என்ன செய்வார்? "எங்கப்பா வச்ச பேரு, தப்பாம்ல!" என்று நொந்துகொண்டு திரும்ப வேண்டியதுதான்.

தப்பு பேரில் இல்லை. எழுத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் எண்ணில்!

இரண்டு 'சொ'

கம்ப்யூட்டர் எழுத்தைப் பார்ப்பதில்லை. அதற்குரிய எண்ணைத்தான் பார்க்கிறது. 'சொக்கர்' என்ற பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடு முறையில் 'சொ'வின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே எண்ணாகப் போடலாம். தனித்தனியே இரண்டு எண்ணாகவும் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு விதியும் சொல்கிறது. அந்த விதியைக் கவனிக்காத புரோகிராமுக்கோ இவர் வேறு, அவர் வேறு! கொம்பே இல்லாத மீனாட்சிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். அதற்கு முன் 'வானவில்' போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பேர்களை முறையாக மாற்றாவிட்டால், ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். 2017-ல் ரேஷன் அட்டையே ஸ்மார்ட் கார்டாகிவிட்டது. பேனாவால் திருத்தும் காலமெல்லாம் போயே போச்சு.

கெஜட்டுக்கு ஓடாதீர்கள்!

பேரை மாற்ற வேண்டியதில்லை. ஆபரேட்டரிடம் சொல்லி, பதிவில் 'சொ'வுக்குப் பின்னால் அழிப்புப் பொத்தானை ஒரே ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கள். 'செ' மிஞ்சினால் அது இரண்டு எண். 'ச' மிஞ்சினால் ஒன்று. பேரை முழுக்க அழித்துவிட்டு, கார்டில் உள்ள அதே முறையில் புதிதாக அடித்தால் பெரும்பாலும் கதவு திறந்துவிடும். ஜெராக்ஸ் கடைப் பழைய ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டினால் மட்டும் மறுபடி முதலிலிருந்துதான்!