மாற்று சைலன்சரும் ஒற்றைக்கால் ஸ்டாண்டும்: வண்டி வைத்திருப்பவர் அறிய வேண்டிய சட்டமும் பாதுகாப்பும்

மோட்டார் சைக்கிளின் சைலன்சர் சத்தத்தை அடக்குவதோடு நிற்பதில்லை. எஞ்சினிலிருந்து சீறி வரும் சூடான வாயுவின் வேகத்தைத் தணித்து, நச்சைக் குறைத்து, யார் காலிலும் படாத இடத்தில் அதை வெளியே விடுவதும் அதன் வேலைதான். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பிஎஸ்-6 வண்டிகளில் இந்த வேலை இன்னும் நுட்பமானது. குழாயின் நடுவே தேன்கூடு போன்ற ஒரு பகுதி இருக்கும். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். கார்பன் மோனாக்சைடு அங்கேதான் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. இதுவே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதற்கு முன்னால் குழாயில் செருகப்பட்டிருக்கும் ஆக்சிஜன் சென்சார், பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் எரிகின்றனவா என்பதை வண்டியின் கணினிக்கு நொடிதோறும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

கடையில் கிடைக்கும் மாற்று சைலன்சர்கள் இரண்டு வகை. கடைசிப் பகுதியை மட்டும் மாற்றுவது ஸ்லிப்-ஆன். எஞ்சினில் தொடங்கும் பெண்ட் பைப் முதல் கடைசி வரை எல்லாவற்றையும் மாற்றுவது ஃபுல் சிஸ்டம். புல்லட்காரர்களிடம் இந்தூரி, பஞ்சாபி, கோல்டு ஸ்டார் என்று பெயர்கள் பல புழங்கினாலும் அவையும் இந்த இரண்டுக்குள் அடங்கும். ஸ்லிப்-ஆனில் கன்வெர்ட்டர் பெரும்பாலும் தப்பிவிடும். ஃபுல் சிஸ்டத்தில் அது கழன்று போகும். சென்சார் தப்பான கணக்கைச் சொல்லும், எச்சரிக்கை விளக்கு எரியும், பெட்ரோல் குறைவாகச் சேர்ந்து எஞ்சின் சூடாகும், வேகம் குறைக்கும்போது குழாய்க்குள் பட்டாசு போல வெடிக்கும். இணைப்பில் கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் கரிக்கோடு ஒன்று வெளியே தெரியும். அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே நுழைந்து சென்சாரை மேலும் குழப்பும். குழாயை மாற்றியதும் வண்டி பறப்பதாகத் தோன்றுவதில் பெரும்பங்கு சத்தத்துக்கே உரியது. எரிபொருள் அளவைத் திருத்தாமல் குழாயை மட்டும் மாற்றினால் கூடும் சக்தி மிகச் சொற்பம்.

சத்தத்தின் கணக்கு வேறு விதமானது. டெசிபல் அளவில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கிறது. 85 டெசிபலை ஒருவர் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிலிட பாதுகாப்பு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலைக் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. நீண்ட தூரம் போகும்போது முதலில் பாதிக்கப்படுவது ஓட்டுபவரின் காதுதான்.

இந்தியாவில் புதிய இருசக்கர வாகனத்துக்கு வைத்திருக்கும் ஒலி வரம்பு, 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. தயாரிப்பு நிலையில், வண்டி கடந்து போகும்போது அளக்கும் கணக்கு இது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி, எஞ்சினின் சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்கிறது.

“ஆர்.சி. புத்தகத்தில் சைலன்சரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே” என்பது கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். அது வாங்குபவரைக் காப்பாற்றாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒலி, புகை விதிகளை மீறிய வண்டியை ஓட்டினால் 190(2) பிரிவு வரும். முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; கூடவே மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் இழப்பு. சைலன்சர் வழியாக வராமல் வாயுவைத் தனி வழியில் திறந்துவிடும் கட்-அவுட் இருந்தால் 194எஃப் பிரிவில் 1,000 ரூபாய், மறுமுறை 2,000. இந்தத் தொகைகள் 2019 திருத்தத்தில் வந்தவை. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

பலரும் கவனிக்காத பிரிவு ஒன்று உண்டு. விதிக்கு மாறாக வண்டியை மாற்றித் தரும் டீலருக்கு 182ஏ(1) பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தின் விளக்கப்படி ‘டீலர்’ என்பதில் வண்டி பழுதுபார்ப்பவரும் அடங்குவார். சைலன்சரைப் பொருத்தித் தரும் பட்டறைக்காரரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்பதை இரு தரப்பும் அறிந்திருப்பது நல்லது.

வாங்கத்தான் வேண்டும் என்றால் வண்டியைத் தயாரித்த நிறுவனமே அதே மாடலுக்கு என்று, சாலையில் ஓட்ட ஒப்புதலோடு விற்கும் சைலன்சர்தான் பாதுகாப்பான தேர்வு. ஐரோப்பிய ‘இ’ முத்திரை தரத்துக்கு ஓர் அடையாளமே ஒழிய, இந்தியச் சாலைக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. டிபி கில்லர் என்னும் ஒலித்தடுப்புக் குழல் உள்ளே இருக்கிறது என்பதும் போதாது. ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினால் வெளியே வந்துவிடும் பொருளை நம்பி ஒப்புதல் கிடைக்காது. பெட்டியின் ஓரத்தில் ‘பந்தயத்துக்கு மட்டும்’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் பின்னால் விற்றவர் மீது புகார் சொல்லவும் வழி அடைபட்டுவிடும். கழற்றிய பழைய சைலன்சரை இரும்புக் கடைக்குப் போடாமல் கேஸ்கெட், ஸ்பிரிங்குடன் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். புகைச் சான்றிதழ் எடுக்கவும் வண்டியை விற்கவும் அதுவே கைகொடுக்கும்.

சைலன்சரை மாற்றும்போது யாரும் சொல்லாமல் விடும் இன்னொரு சங்கதி சென்டர் ஸ்டாண்டு. பல வண்டிகளில் ஸ்டாண்டு மேலே மடங்கியதும் சைலன்சர் குழாயில் பற்றவைத்த ஒரு தட்டில், ரப்பர் கட்டையில் போய் நிற்கும். மாற்றுக் குழாயில் அந்தத் தட்டு இருக்காது. நிறுத்த ஆளில்லாத ஸ்டாண்டு மேலே போய்ச் செயினிலோ ஸ்விங் ஆர்மிலோ உரசும். பட்டறையில் உடனே சொல்லும் தீர்வு, ஸ்டாண்டையே கழற்றிவிடுவது. குழாய் வாங்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேடிஎம் டியூக், யமஹா ஆர்15 போன்ற வண்டிகள் ஆலையிலிருந்தே சென்டர் ஸ்டாண்டு இல்லாமல் வருகின்றன. அவற்றில் உள்ளூரில் பற்றவைத்து ஒரு ஸ்டாண்டை மாட்டுவது இன்னும் ஆபத்து. பிரேமில் அதற்கான பிடிப்பு இருக்காது, வேகத்தடையில் தட்டும்.

சைடு ஸ்டாண்டு மட்டுமே உள்ள வண்டியை நிறுத்தும் இடம் பார்த்து நிறுத்த வேண்டும். சரிவில் முன்சக்கரம் மேட்டைப் பார்த்திருக்க, முதல் கியரில் விட வேண்டும். வலப்பக்கம் தாழ்ந்த இடத்தில் வண்டி அந்தப் பக்கமே சாயும். எடுத்துக்காட்டாக, ராஜபாளையத்திலிருந்து சேத்தூர், தேவதானம் வழியாகத் தென்காசி போகும் சாலையோரத்தில் மழைக்குப் பின் மண் இளகியிருக்கும். அருகிலுள்ள சாஸ்தா கோயிலுக்குப் போகும் வழியிலும் அப்படித்தான். சித்திரை வெயிலில் தார்கூட இளகும். எல்லா எடையும் ஸ்டாண்டின் அந்தச் சின்னப் பாதத்தில் இறங்குவதால் அது மெல்லப் புதைந்து, அரை மணி நேரத்தில் வண்டி விழுந்துவிடும். தட்டைக் கல்லோ பலகைத் துண்டோ ஒன்றைப் பாதத்தின் கீழ் வைத்தால் போதும்.

செயினைச் சுத்தம் செய்யப் பின்சக்கரத்தைத் தூக்கும் பேடாக் ஸ்டாண்டு தேவை. முதல் சில முறை இன்னொருவர் பிடித்துக்கொள்வது நல்லது. எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைப்பதில் விரல் போனவர்கள் உண்டு. நியூட்ரலில் கையால் சுற்றியே துடைக்க வேண்டும். ஆயில் அளவை வண்டி நிமிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சாய்ந்த நிலையில் ஆயில் அளவு காட்டும் கண்ணாடி பொய் சொல்லும். டியூப் டயர் வழியில் பஞ்சராகி, சக்கரத்தைக் கழற்ற ஜாக்கி வைக்க நேர்ந்தால், அது எஞ்சினுக்கு அடியில் ஓடும் குழாயிலோ கன்வெர்ட்டர் பெட்டியிலோ முட்டக் கூடாது. ஒரு தடவை நசுங்கினாலே வாயு வரும் வழி அடைபடும்.

பாதிப்பு வந்தபின் போக வேண்டிய இடங்களும் உண்டு. ‘சாலையில் ஓட்டலாம்’ என்று சொல்லி விற்ற சைலன்சர் அபராதம் வாங்கித் தந்தாலோ, பற்றவைப்பு விட்டுப்போனாலோ, விற்றவர் மீது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். இணையத்தில் எந்த ஊர்க் கடையில் வாங்கியிருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எடுத்துக்காட்டாக, விருதுநகர் மாவட்டத்துக்கான நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பில்லும், விளம்பரத்தின் படமும், கடைக்காரருடன் பேசிய குறுஞ்செய்திகளும் அங்கே சாட்சி. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொன்னால் பல வேளைகளில் கடையே இறங்கி வரும்.

காப்பீட்டில் மாற்றங்களைச் சொல்லாமல் மறைத்திருந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கான தொகையை நிறுவனம் மறுக்கலாம். விபத்துக்கும் சைலன்சருக்கும் தொடர்பே இல்லாதபோது மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, மறுப்பே பதிலாக வந்தாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். இதற்கும் கட்டணம் இல்லை.

சாலைச் சோதனையில் டிஜிலாக்கர், எம்பரிவாஹன் செயலிகளில் உள்ள ஆவணங்களே போதும். எந்தப் பிரிவில் அபராதம் என்பது செலானில் இருக்க வேண்டும். தவறென்று தோன்றினால் பணம் கட்டாமல் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். கழற்றி எடுத்துக்கொண்ட சைலன்சருக்கு எழுத்தில் ஒப்புகை கேட்கலாம்.

சத்தத்தால் அவதிப்படுகிறவர்களின் உரிமையும் இதே அளவு முக்கியம். குற்றால சீசனில் மதுரைப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகள் பலவும் ராஜபாளையம்–தென்காசி சாலையில் வீட்டு வாசல்களை ஒட்டியே போகின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இடம் தருகின்றன. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45. தேவதானத்துக்கு மேற்கே மலையடிவாரத் தோப்புகளுக்கு யானைகள் இறங்குகின்றன. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் அங்கே இருப்பதால், காட்டுக்குள் போகும் பாதைகளில் வனத்துறையின் கட்டுப்பாடுகளும் சேரும். தொல்லை தரும் வண்டியின் பதிவு எண், நேரம், இடம், இயன்றால் ஒரு காணொளி ஆகியவற்றுடன் காவல் நிலையத்திலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ எழுத்தில் புகார் தரலாம். நடவடிக்கை இல்லையென்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100இல் பதிவு செய்து, அங்கே தரும் மனு எண்ணை வைத்துத் தொடர்ந்து கேட்கலாம்.