மழையும் துறவும்

ஒரு நாட்டின் மண்ணும் மழையும் அந்நாட்டு மக்களின் உழவை மட்டுமன்றி, அவர்தம் சமய வாழ்வையும் உருவாக்குவதுண்டு. பண்டைய கங்கைச் சமவெளி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டளவில் அங்கு மகதம், கோசலம் முதலிய நாடுகள் தழைத்திருந்தன. இராசகிருகம், சாவத்தி, வைசாலி போன்ற நகரங்களை இணைத்த பெருவழிகளிலே வணிகரின் வண்டிகளோடு துறவிகளும் சென்றனர். வீட்டைத் துறந்தவர் ஓரிடத்தில் நிலைத்திராது, ஊரூராக நடந்து பிச்சையேற்று வாழ்வதே அன்றைய வழக்கம்.

ஆயின், ஆனி முதல் புரட்டாதி வரை அச்சமவெளியிற் பருவமழை பொழியும். ஆறுகள் கரைபுரளும், வழிகள் சேறாகும், நிலமெங்கும் பசுமை தளிர்க்கும். அக்காலத்திலும் புத்த பிக்குகள் நடந்து திரிந்தமையால் பசும்புல் மிதிபட்டது; சிற்றுயிர்கள் மடிந்தன. பிற சமயத் துறவியர் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குகின்றனர். பறவைகளும் கூடுகட்டி அடங்குகின்றன. இவர்கள் மட்டும் அலைவதேன் என மக்கள் குறைகூறினர். இதனைக் கேட்ட புத்தர், மழைக்காலத்தில் மூன்று திங்கள் ஓரிடத்தில் உறையுமாறு விதித்தார் என்று விநயபிடகம் கூறுகின்றது. இந்நோன்பு பாளி மொழியில் 'வஸ்ஸ' எனப்படும். மழை என்பதே அச்சொல்லின் பொருள். சமண முனிவர் நான்கு திங்கள் தங்கும் நோன்பும் இத்தகையதே.

தங்குவதற்கு இடம் வேண்டுமன்றோ? மகத மன்னன் பிம்பிசாரன் வேணுவனத்தை ஈந்தான். சாவத்தி வணிகர் அநாதபிண்டிகர் சேதவனத்தை வழங்கினார். மழைக்கு ஒதுங்கிய இடங்கள் நாளடைவில் நிலையான விகாரங்களாயின. வீட்டைத் துறந்தவர்க்கு மீண்டும் ஒரு வீடு அமைந்தது. அதனால் துறவு தளர்ந்துவிடாதா என்ற வினாவும் உடன் எழுந்தது. அவ்விடங்கள் தனியொருவர்க்கு உரியனவாகாது, சங்கத்துக்கே உரியனவாயின. நோன்பின் முடிவில், தம்மிடம் கண்ட குறைகளை எடுத்துரைக்குமாறு ஒவ்வொரு பிக்குவும் ஏனையோரை வேண்டும் 'பவாரணை' என்னும் முறையும் ஏற்பட்டது. கூடி வாழ்வதனால் வரக்கூடிய கேடுகளுக்கு இவை காவலாயின.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இந்நோன்பு இலங்கைக்கும் வந்தது. மகிந்த தேரரும் உடன்வந்தோரும் தங்குதற்பொருட்டு, மிகிந்தலை மலையிலே தேவநம்பிய தீசன் 68 கற்குகைகளை அமைப்பித்தான் என்று மகாவம்சம் கூறும். இங்கு ஒரு புதுமை உண்டு. அனுராதபுரப் பகுதிக்குப் பெருமழை வருவது ஐப்பசி முதலேயாகும். ஆடியும் ஆவணியும் அங்கு வறண்ட காலம். எனினும், ஆசாடப் பூரணைக்கு மறுநாள் தொடங்கும் இம்மழைக்கால நோன்பு இன்றும் அதே திங்கள்களில் நோற்கப்படுகின்றது. குளங்கள் வற்றிக்கிடக்கும் நாளிலும் அது நினைவூட்டுவது, தொலைவிலுள்ள கங்கைக்கரையின் மழையையே.