வண்ணப் புட்டியில் ஒரு குண்டு

மாதிரி விமானங்களுக்கு வண்ணம் தீட்டும் மாணவ நண்பர்கள் இதை அறிவார்கள். பல நாள் அசையாதிருந்த புட்டியைத் திறந்தால் மேலே நீரும் அடியில் வண்டலும் தென்படும். வெள்ளை வண்ணத்திலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு நீரைக் காட்டிலும் ஏறக்குறைய 4 மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே அது அடியில் படிகிறது. சிறு குண்டொன்றை உள்ளே இட்டுக் குலுக்கினால் வண்டல் கலையும். ஆனால் எந்தக் குண்டை இடுவது?

நான் ஒருமுறை மிதிவண்டிச் சக்கரத்தின் எஃகுக் குண்டை இட்டேன். சில வாரங்களில் அது துருப்பிடித்து, வெள்ளை வண்ணம் பழுப்பேறிற்று. வண்ணம் கெட்டால் வேறு வாங்கலாம், உடல் கெட்டால்? தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டை ஒருபோதும் இடாதீர்கள். ஈயம் நஞ்சு. அது தேய்ந்து வண்ணத்தில் கலக்கும். விரல் வழியே வாயை அடையும். சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

சாயம் பூசாத கண்ணாடி மணி துருப்பிடிக்காது. எடை குறைவாதலால் 2 அல்லது 3 மணிகள் வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் குண்டாயின் ஒன்றே போதும். ஆயினும் விற்பவர் சொல்லை மட்டும் நம்பவேண்டா. குண்டை உப்பு நீரில் 2 நாள் ஊறவிடுங்கள். துருக்கறை தோன்றினால் விலக்குங்கள். தோன்றாவிடில், நன்கு கழுவித் துடைத்துப் புட்டியில் இடுங்கள்.