செஞ்சியில் பேசினால் வானத்தில் கேட்கும்

செஞ்சியில் விமான நிலையம் கிடையாது. சென்னை விமான நிலையம் சாலை வழியே சுமார் 150 கிலோமீட்டர். இங்கே ஒருவர் உரிமம் இல்லாத வாக்கி டாக்கியில் பேசினால் விமானத்துக்கு என்ன வந்துவிடும் என்று கேட்கத் தோன்றும். விடை செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியிலேயே இருக்கிறது. சுமார் 800 அடி உயர மலையில் கோட்டை எழுப்பியதற்குப் பார்வையும் ஒரு காரணம்: சமவெளியில் நிற்பவருக்குச் சில கிலோமீட்டர்தான் தெரியும், உச்சியில் நிற்கும் காவலருக்கோ ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தெரியும். விமானிகள் பேசும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைகளும் கண்பார்வை போல நேர்கோட்டில்தான் செல்கின்றன; பூமியின் வளைவு மறைத்தால் நின்றுவிடும். 35,000 அடியில் பறக்கும் விமானத்துக்கு அந்த எல்லை 400 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆகவே செஞ்சிக் கடைத்தெருவில் கிளம்பும் அலை சென்னையின் கட்டுப்பாட்டு அறைக்கு எட்டாது, தலைக்கு மேல் போகும் விமானிக்கு எட்டும். தொல்லைப்படுபவர் ஒருவர், அந்த அலையைத் தேடிப் பிடிக்க வேண்டியவர் இன்னொருவர். தேடுபவர் காதில் எதுவும் விழுவதில்லை. இந்தச் சிக்கலின் முடிச்சே இதுதான்.

வெறும் ஐந்து வாட் கருவி என்ன செய்துவிடும் என்பார்கள். தரையில் கட்டடமும் மரமும் அலையை விழுங்கும். வானம் நோக்கிப் போகும் அலைக்குத் தடையில்லை. தூரம் 20 மடங்கு குறைந்தால் 400 மடங்கு குறைந்த சக்தியே போதும். 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கட்டுப்பாட்டு நிலையத்தோடு, நேர் கீழே 11 கிலோமீட்டரில் இருக்கும் சின்னக் கருவி போட்டியிட முடிவது இதனால்தான். மலிவான கருவிகள் பலவும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குபவை. அதன் தொடக்கமே விமான அலைவரிசைக்குள் விழுகிறது.

வானொலிகள் பண்பலைக்கு மாறிய பிறகும் விமானத்துறை பழைய ஏ.எம். முறையை விடாததற்குக் காரணம் உண்டு. பண்பலையில் வலுத்த குரல் மெலிந்த குரலை முழுதாக மூடிவிடும். ஏ.எம்.மில் இரண்டும் மோதிக் கீச்சென்ற ஒலியாவது எழும். யாரோ குறுக்கே பேசினார் என்பது தெரியும். ஆனால் தெரிவது மட்டும் போதாது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலைய ஓடுதளத்தில், கட்டுப்பாட்டாளரும் பான் ஆம் விமானியும் ஒரே நேரத்தில் பேச, கே.எல்.எம். விமானி அறையில் சில விநாடிகள் கீச்சொலிதான் கேட்டது. காத்திருக்கச் சொன்னதும், ஓடுதளத்தில் இன்னொரு விமானம் இருப்பதும் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. குறுக்கே பேசியவர்களும் முறைப்படி பேசியவர்களே. முறையான இரு குரல்களுக்கே இந்தக் கதி என்றால், வெளியிலிருந்து நுழையும் மூன்றாவது குரலை அற்பம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டதே என்பதும் பாதி உண்மைதான். கடலுக்கு மேல் பறக்கும் விமானங்களுடன் எழுத்துச் செய்தி பரிமாறலாம். இறங்கும் நேரத்தில், நொடிக் கணக்கில் முடிவெடுக்கையில், குரல்தான். அதனால் காற்றில் கலந்த அலையைத் துரத்துவதைவிட, கருவி கைமாறும் இடத்தில் தடுப்பதே பயன் தரும். உரிமம் இன்றி வயர்லெஸ் கருவி வைத்திருக்கக் கூடாது என்று 1933ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஆனாலும் உரிமம் பற்றித் தெளிவாகச் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக 13 இணையச் சந்தைகளுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. திருவிழா நடத்துபவருக்கும் காவலாளிக்கும் கருவி தேவைதான். அதற்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில், உரிமம் இல்லாமலே பேச 2018 விதிகளே இடம் தந்தன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டம் பெருகினால் வாக்கி டாக்கிகளும் பெருகும். வாங்குபவர் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, அந்த அலைவரிசை எண்ணை.