கால்வாய்க் கரையில் ஒரு சைக்கிள் பாதை

மாலையில் மணி அடித்ததும் நம் மாணாக்கர் சைக்கிளேறி மீஞ்சூர்ச் சாலையில் புகும்போது நமக்கு நெஞ்சு படபடக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு விரையும் கன்டெய்னர் லாரிகள் குழந்தைக்கு வழி விடுமா? பதினோராம் வகுப்பில் சர்க்கார் சைக்கிளை இலவசமாகத் தருகிறது, பாதையைத்தான் தரவில்லை!

இங்கிலாந்தில் பிரிஸ்டல், பாத் நகரங்களிடையே கைவிட்ட ரயில் தடத்தை 1979 முதல் 1986 வரை சீர்திருத்தி, மோட்டார் புகாத சைக்கிள் பாதையாக்கினார்கள். முன்னாளில் குதிரைகள் படகிழுத்த கால்வாய்க் கரைகளிலும் சரளை பரப்பியிருக்கிறார்கள்.

நமக்குக் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய் இல்லையா? 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கி, பின்பு பழவேற்காடு கடந்து வடக்கே நீண்டது அது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளை ஆட்கள் கரைமேல் நடந்து கயிற்றால் இழுத்தனர். அந்தக் கரையில் இன்று பல இடங்களில் முட்புதரும் அனல்மின் சாம்பலும் மண்டிக் கிடக்கின்றன. முள்ளை வெட்டிச் சரளை கொட்ட என்ன செலவாகும் என்று அதிகாரிகள் ஒருமுறையேனும் கணக்குப் பார்க்கலாகாதா?