நம்மவர் என்ற சொல்

சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டத்திலே, எழுத்தாளனும் மனச்சாட்சியும் என்னும் பொருள் பற்றிச் சம்பாஷணை நிகழ்ந்தது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், நெடுங்காலம் பொய்யைப் பரப்பியவன் ஒருநாள் உண்மையைச் சொன்னால், அதை நாங்கள் நம்பலாமோ?" என்று கேட்டான். நம்பலாகாது என்றனர் சிலர். வள்ளுவரைத் துணைக்கழைத்து, நம்பலாம் என்றனர் வேறு சிலர். எனக்கோ அன்று விடை கூற இயலவில்லை. "யோசித்துச் சொல்லுகிறேன், தம்பி" என்று கூறித் தப்பிக்கொண்டேன்.

வீடு திரும்பும் வழியில் ஒரு மனிதரின் வரலாறு நினைவில் எழுந்தது. அவர் ரஷ்ய நாட்டுப் பத்திரிகையாளர் அலெக்சாண்டர் நெவ்சோரொவ்.

1958ஆம் ஆண்டு லெனின்கிராட் நகரிலே பிறந்தவர் நெவ்சோரொவ். 1987ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நகரத் தொலைக்காட்சியில் ஆரம்பமான "600 விநாடிகள்" என்னும் நிகழ்ச்சி அவருடைய பெயரை நாடறியச் செய்தது. பத்தே நிமிட நிகழ்ச்சி அது. திரையின் ஓரத்தில் கடிகாரம் ஒன்று விநாடிகளைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருக்கும். கொலை, களவு, அதிகாரிகளின் ஊழல், நகரத்தின் அழுக்கு யாவற்றையும் அந்த 600 விநாடிகளுக்குள் மூச்சுவிடாமற் சொல்லி முடிப்பார். கொர்பச்சேவ் காலத்திலே வாய்ப்பூட்டுச் சற்றே தளர்ந்திருந்த மக்கள் அந்நிகழ்ச்சிக்காகக் காத்திருந்தனர். உண்மையை அஞ்சாது உரைப்பவர் என்ற நம்பிக்கை அவருக்கு அவ்வாறு வாய்த்தது.

அந்த நம்பிக்கையை அவர் எங்ஙனம் செலவிட்டார் என்பதே கதையின் நடுப்பகுதி.

1991ஆம் ஆண்டு ஜனவரி 13ஆந் திகதி. லித்துவேனியா தன் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்து பத்து மாதங்கள் கழிந்திருந்தன. அன்றிரவு சோவியத் படையினர் வில்னியஸ் நகரின் தொலைக்காட்சிக் கோபுரத்தைக் கைப்பற்றினர். ஆயுதமின்றிக் கோபுரத்தைச் சூழ்ந்து நின்ற மக்கள்மீது டாங்கிகள் ஏறின; துப்பாக்கிகள் முழங்கின. அச்சம்பவங்களிற் பொதுமக்கள் 14 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருத்தி லொரெத்தா அசனவிச்சியூத்தே என்னும் இருபத்துமூன்று வயதுத் தையற்றொழிலாளி. டாங்கியின் கீழ் அகப்பட்டு உயிர்நீத்தாள்.

நெவ்சோரொவ் அவ்விடஞ் சென்று படமொன்று எடுத்தார். வாக்னரின் கம்பீரமான இசை பின்னே ஒலிக்க, கோபுரத்துள் இருந்த படையினர் வீரத் தியாகிகளாய் அதிலே தோன்றினர். மாண்டவர்களோ மாரடைப்பினாலும் வீதி விபத்தினாலும் மாண்டவர்கள் என்று சொல்லப்பட்டது. சோவியத் மத்திய தொலைக்காட்சியும் அதனை ஒளிபரப்பியது. அப்படத்தின் பெயர் "நம்மவர்கள்".

1993இல் ஜனாதிபதி யெல்சினுக்கும் பாராளுமன்றத்துக்கும் நேர்ந்த மோதலின் போது "600 விநாடிகள்" நிறுத்தப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே நெவ்சோரொவ் பாராளுமன்ற உறுப்பினரானார்; 2007 வரை அப்பதவியில் இருந்தார். செச்சினியப் போர் பற்றி 1997இல் "சுத்திகரிப்புத் தலம்" என்ற படத்தை எடுத்தார். பின்னர் குதிரைகளைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டு, அவற்றின் வாயில் இரும்புக் கடிவாளம் பூட்டுவதையும் பந்தயங்களில் வருத்துவதையும் வன்மையாகக் கண்டித்தார். 2012 ஜனாதிபதித் தேர்தலிலே புட்டினுடைய நம்பிக்கைக்குரிய பிரதிநிதிகளுள் ஒருவராக நின்றவரும் இவரே.

ஆனால் அதே ஆண்டுகளில் அவருடைய பேச்சு வேறு திசையிற் செல்லத் தொடங்கியது. திருச்சபையின் அதிகாரத்தை எள்ளி நகையாடினார். 2014இல் கிரிமியா இணைக்கப்பட்டதைக் கண்டித்தார். "மொஸ்கோவின் எதிரொலி" வானொலியிலும், யூரியூப்பில் இட்ட காணொளிகளிலும் ஒலித்த அந்தக் கசப்பான குரலை இலட்சக்கணக்கானோர் கேட்டனர். விரும்பியோர் பலர்; வெறுத்தோரும் பலர்.

2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரேனுள் பெருமெடுப்பிற் புகுந்தன. மார்ச் 4ஆந் திகதி, படையினர் பற்றிப் "பொய்த் தகவல்" பரப்புவோரைப் பதினைந்து ஆண்டுகள் வரை சிறையிலிடும் சட்டம் மொஸ்கோவில் நிறைவேறியது. ஐந்து நாட்களின் பின், மரியுபோல் நகரின் பிரசவ வைத்தியசாலைமீது குண்டு வீழ்ந்தது. ரஷ்ய அதிகாரிகள் அங்கே நோயாளர் எவரும் இருக்கவில்லை என்றனர். படத்திற் கண்ட கர்ப்பிணிகள் நடிப்பவர்கள் என்றனர். ரஷ்யப் படையே அதனைத் தாக்கியது என்று நெவ்சோரொவ் சொன்னார். அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவரோ அப்பொழுது மனைவியுடன் வெளிநாட்டில் இருந்தார்; திரும்பிச் செல்லவில்லை. அவ்வாண்டு ஜூனில் அவருக்கு உக்ரேன் குடியுரிமை அளிக்கப்பட்டதென்ற செய்தி வெளிவந்தபோது, பழையதை மறவாத உக்ரேனியர் பலர் சினந்தனர். 2023 பெப்ரவரி முதலாந் திகதி, மொஸ்கோ நீதிமன்றம் அவர் இல்லாமலே அவருக்கு எட்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

வாசகர்கள் இங்கே சற்று நிற்றல் வேண்டும். 1991இல் டாங்கியின் கீழ் மாண்டவளை, அவ்வாறு மாளவில்லை என்றது அவருடைய படம். முப்பத்தோராண்டுகளின் பின், குண்டினால் மாண்டவர்களை அவ்வாறு மாளவில்லை என்றது அவருடைய நாடு. மாண்டனர் என்று அவர் சொன்னார். முன்னைய பொய்க்குத் தொலைக்காட்சி நேரம் கிடைத்தது. பின்னைய உண்மைக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஒரே மனிதர், ஒரே நா.

இவரை எடுத்தெறிந்து பேச எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நான் மாணவனாயிருந்த காலத்தில் எங்கள் வகுப்பின் கையெழுத்துச் சஞ்சிகைக்கு நானே ஆசிரியன். ஒரு முறை அயற் பாடசாலையுடன் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தின் முடிவிலே கைகலப்பு மூண்டது. எங்கள் பையன் ஒருவன் விக்கெட் தடியால் அடித்ததில் எதிரணிச் சிறுவன் ஒருவனின் கை முறிந்தது. நான் அதை என் கண்ணாற் கண்டேன். சஞ்சிகையில் எழுதும்போது, "ஓடுகையில் இடறி வீழ்ந்து கையை முறித்துக்கொண்டான்" என்று எழுதினேன். எவரும் என்னை அவ்வாறு எழுதச் சொல்லவில்லை. அடித்தவன் நம்மவன், அது போதுமாயிருந்தது. அழகான என் கையெழுத்தை எல்லோரும் மெச்சினர். அந்தச் சிறுவனின் பெயரைக்கூட நான் கேட்டறியவில்லை.

இனி அம்மாணவனின் கேள்விக்கு வருவோம். மரியுபோலில் நடந்தது உண்மையென்று நாம் அறிவது நெவ்சோரொவ் சொன்னதனால் அன்று. முற்றுகைக்குள் அகப்பட்ட அந்நகரிலே நின்று படமெடுத்த அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்களால் அறிகிறோம். அப்பணிக்கு 2023இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. வில்னியஸில் நடந்ததும் அவர் மறைத்ததனால் மறைந்துவிடவில்லை. 2019இல் லித்துவேனிய நீதிமன்றம் முன்னாள் சோவியத் பாதுகாப்பு அமைச்சர் யாசொவ் உட்படப் பலரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. அங்கும் பெரும்பாலோர் மன்றுக்கு வரவில்லை.

ஆதலால், தம்பி, சொல்லுபவனை நம்புவதா இல்லையா என்று கேட்பதிலும், அவன் சொல்லும் சம்பவத்தைத் தேடிப் பார்ப்பதே மேல். மாண்டவர் யார், அவர் பெயர் என்ன, அருகில் நின்றவர் எவர் என்று கேள். பொய்யுரைத்தவன் பின்னர் உண்மையுரைத்தால் அந்த உண்மையை ஏற்றுக்கொள். அதற்காகப் பழைய கணக்கைத் தீர்த்துவிடாதே. உண்மையுரைத்து நாடிழந்தவன் என்பதனால் லொரெத்தாவின் கடன் அவனுக்குத் தீர்ந்ததாகாது. லொரெத்தாவின் கடன் உள்ளது என்பதனால் மரியுபோல் பொய்யாகிவிடாது.

எழுதும் வேளையில் "நம்மவர்" என்ற சொல் பேனாவின் நுனியில் வந்து நிற்குமானால், அங்கே ஒருகணம் பேனாவை நிறுத்து. நான் அன்று நிறுத்தவில்லை.